டிஸ்க்கில் பூஜ்ஜியத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு செலவு? நீண்ட நாள் அனுபவம்

ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனிக்குச் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். தொழிற்சாலை ராணிப்பேட்டையில், அலுவலகம் வேலூர் சத்துவாச்சாரியில். எல்லாமே கேவிஎம்மில் ஓடும் விஎம்கள், அதாவது ஒரே சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள். டேட்டாபேஸ் டிஸ்க் ஒன்றைத் தவிர மற்றவை க்யூகவ்2 டிஸ்க்குகள், அதாவது தேவைக்கேற்ப வளரும் இமேஜ் ஃபைல்கள். இவை பல வருடமாக க்யூஎமுவின் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) ‘டிடெக்ட்-ஜீரோஸ்’ வசதியோடுதான் ஓடுகின்றன. விஎம் டிஸ்க்கில் எழுத அனுப்பும் தரவு (ரைட்) முழுக்கப் பூஜ்ஜியமாக இருந்தால், அதை எழுதாமல் ‘இங்கே பூஜ்ஜியம்’ என்று குறிப்பு மட்டும் வைத்துக்கொள்ளும். 2014இல் வெளியான 2.1 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

ஒவ்வொரு ரைட்டையும் சோதித்தால் வேகம் குறையாதா என்று கேட்பார்கள். அன்றாட வேலையில் எனக்கு வித்தியாசமே தெரிந்ததில்லை. பூஜ்ஜியமில்லாத பைட் ஒன்று அகப்பட்டதும் சோதனை முடிந்துவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் தோல் போட்டோக்கள் ஜேபெக். அவற்றில் அநேகமாகத் தொடக்கத்திலேயே அகப்பட்டுவிடும். கடைசிவரை படிக்க வேண்டியது நிஜப் பூஜ்ஜியங்களைத்தான். அங்கே ஒரே நேரத்தில் பல பைட்டுகளைச் சோதிக்கும் ஏவிஎக்ஸ்2 போன்ற பிராசசர் கட்டளைகள் கைகொடுக்கின்றன, எஸ்எஸ்டிக்குப் போகவேண்டிய ரைட்டும் மிச்சமாகிறது. இமேஜ் சிறிதாக இருப்பதால் ராணிப்பேட்டைக்குப் போகும் இரவு பேக்கப்பும் சீக்கிரம் முடிகிறது.

இதை அளக்க, தரவை நகலெடுக்கும் ‘டிடி’ கட்டளையில் வெறும் பூஜ்ஜியத்தை எழுதிப் பார்ப்பது வீண். டிஸ்க்குக்கு எதுவும் போகாது, வேகம் மட்டும் வானத்தைத் தொடும். நான் டிஸ்க் வேகத்தை அளக்கும் ஃபியோ கருவியில் ‘ரீஃபில் பஃபர்ஸ்’ (ஒவ்வொரு முறையும் புது ரேண்டம் தரவு) போட்டு ஒருமுறை, ‘ஜீரோ பஃபர்ஸ்’ (வெறும் பூஜ்ஜியம்) போட்டு ஒருமுறை ஓட்டி, இரண்டையும் வசதி ஆனில் இருக்கும்போதும் ஆஃபில் இருக்கும்போதும் ஒப்பிடுவேன்.

ஆனால் இதுவும் பாதிக் கணக்குதான். உண்மையான செலவு, பூஜ்ஜியம் என்று குறித்த இடத்தில் பிறகு நிஜத் தரவு வரும்போது விழுகிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மாற்றங்களை முதலில் பதியும் பதிவேடான வால் ஃபைல் புதிதாக உருவாகும்போது ஒவ்வொன்றையும், வழக்கமான அளவான 16 எம்பிக்கும் முன்கூட்டியே பூஜ்ஜியத்தால் நிரப்பிவைக்கும். பிறகு கமிட் நேரத்தில், அதாவது மாற்றத்தை உறுதிசெய்து எழுதும்போது, இடம் தேட வேண்டாம் என்பதற்காக. க்யூஎமு அந்தப் பூஜ்ஜியங்களை விழுங்கிவிடுவதால் இடம் ஒதுக்கும் வேலை அப்படியே கமிட் நேரத்துக்குத் தள்ளிப்போகிறது. க்யூகவ்2 இடத்தை ஒதுக்கும் அலகான கிளஸ்டர் சாதாரணமாக 64 கேபி. சின்ன ரைட்டுக்கும் முழு கிளஸ்டரை ஒதுக்கி, எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பான மெட்டாடேட்டாவையும் மாற்றியாக வேண்டும். சராசரி வேகத்தில் இது தெரியாது. தாமதங்களின் உச்சப் பகுதியை, அதாவது நூற்றில் 99 ரைட்டுகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்ற 99ஆம் சதமானத்தைப் பார்த்தால்தான் அகப்படும்.

அதனால் டேட்டாபேஸ் டிஸ்க்கை மட்டும் க்யூகவ்2வின் குறிப்புகள் எதுவும் இல்லாத ரா ஃபார்மட்டில் முழு இடமும் ஒதுக்கி, வசதியை ஆஃப் செய்துவிட்டேன். மற்றவற்றில் இந்த வசதி ‘அன்மேப்’ முறையில் ஓடுகிறது, அதாவது பூஜ்ஜியமான இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அப்படி வைப்பவர்கள், வேண்டாத இடத்தை விடுவிக்கலாமா என்று சொல்லும் ‘டிஸ்கார்ட்’ அமைப்பையும் ‘அன்மேப்’ ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் திரும்பக் கிடைக்காது.