மலைக்கோட்டை: உச்சிக்கு ஓடும் முன் பார்க்க வேண்டியவை

திருச்சி மலைக்கோட்டைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராக உச்சிப் பிள்ளையாரிடம் போய், காவிரியைப் பின்னணியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்த அவசரத்தில் மலையின் மிக அரிய பகுதியான பல்லவர் காலக் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து எடுத்த கோயில், விடுபட்டுப் போகிறது.

ஜங்ஷன் பக்கமிருந்து வந்தால் ஸ்ரீரங்கம் போகும் 1-ஆம் நம்பர் பேருந்தில் ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்கலாம். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். காரைக் கடைவீதிக்குள் கொண்டுவர வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அடிவாரத்துக் கடைவீதியான என்.எஸ்.பி. சாலையில் நடக்கவே இடம் இருக்காது.

அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவது வழக்கம். மொத்தம் 417 படி என்பார்கள். பாறையின் உயரம் சுமார் 83 மீட்டர். முதல் பகுதி முழுக்கப் பாறையைக் குடைந்து கூரையிட்ட படிக்கட்டு, வெயில் படாது. சிரமமெல்லாம் வழியில் உள்ள சிவன் கோயிலான தாயுமானவர் சன்னதியைத் தாண்டிய பிறகுதான். அங்கே திறந்த வெளியில் பாறையில் வெட்டிய படிகளில் வெறுங்காலோடு ஏற வேண்டும். மதியம் கால் வைக்க முடியாது. தாயுமானவர் சன்னதியும் நண்பகலில் சாத்திவிட்டு மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். அதனால் 4 மணிக்கு அடிவாரத்தில் இருப்பதுபோல் வருவதே நல்லது. மூட்டுவலி உள்ளவர்கள் தாயுமானவரோடு திரும்பிவிட்டாலும் பாதிக்கு மேல் பார்த்த கணக்குதான்.

தாயுமானவர் கோயிலில் ஒன்றைக் கவனியுங்கள். சுவாமி மேற்கு நோக்கியிருக்கிறார், கொடிமரமோ அவருக்குப் பின்புறம் இருக்கிறது. சாரமா முனிவர் சிவனுக்காக வளர்த்த செவ்வந்திப் பூக்களை உறையூர் மன்னன் தன் அரசிக்கு எடுத்துக்கொண்டான். முனிவர் முறையிட, கிழக்கு நோக்கியிருந்த இறைவன் உறையூர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஊர் மண்மாரியில் மூழ்கியது என்கிறது தலபுராணம். செவ்வந்திநாதர் என்ற பெயரும் இதனால்தான். தாயுமானவர் என்ற பெயருக்கு வேறு கதை. பிரசவத்துக்குக் காத்திருந்த செட்டிப்பெண் இரத்தினாவதியின் தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, சிவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோதுதான் வீட்டாருக்கு விஷயம் புரிந்தது. சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் இங்கே வாழைத்தார் சாத்துவார்கள். சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இதை நிகழ்ச்சியாகவே நடத்துகிறார்கள்.

இங்கிருந்து உச்சிக்குப் போகும் வழியில்தான் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரை இருக்கிறது. பெயர் லளிதாங்குர பல்லவேசுவர கிருகம், காலம் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கூட்டம் இதைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறது. வழிகாட்டும் பலகைகள் இன்னும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது இந்தக் கோயில் மீதான பெரிய குறை. மேற்குச் சுவரில் சடையில் கங்கையை ஏற்கும் கங்காதரர் நிற்கிறார். அவருக்கு இருபுறமும் வடமொழியில் கல்வெட்டு. அதில் உள்ள கற்பனை அபாரமானது. நதிகளை விரும்பும் சிவன் காவிரியின் அழகில் மயங்கிவிடுவாரோ என்று பயந்த மலைமகள், பிறந்த வீட்டை விட்டு இந்த மலையிலேயே தங்கி, “இந்த நதி பல்லவனின் மனைவி” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். தரையில் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழரின் வளத்தையும் காவிரியையும் எப்படிப் பார்ப்பேன் என்று சிவன் கேட்டதால்தான் மன்னன் மலைமேல் கோயில் எடுத்தானாம். கம்பிக்கதவு பூட்டியிருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே வெளியில் நின்று பாருங்கள். அந்தி சாய்ந்தால் சிற்பம் தெரியாது.

உச்சிப் பிள்ளையார் சன்னதி சின்னது, விநாயகர் சதுர்த்தி நாளில் வரிசை நெடுநேரம் நகராது. அன்று அவருக்கும் மாணிக்க விநாயகருக்குமாக 150 கிலோ கொழுக்கட்டை படைப்பார்கள். மேலே போகும் பங்கைத் துணியில் தொட்டில்போல் கட்டிச் சுமந்து ஏறுவார்கள். விபீஷணன் இலங்கைக்குக் கொண்டுபோன ரங்கநாதரைக் காவிரிக் கரையில் இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்த சிறுவன் இவர்தான். துரத்தி வந்த விபீஷணன் குட்டிய தழும்பு நெற்றியில் இருப்பதாகச் சொல்வார்கள். வடக்கே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைப் பார்த்துக்கொண்டே இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், இடமெல்லாம் கண்முன்னே இருக்கிறது.

இறங்கிய பிறகு நேரம் இருந்தால் மலையின் தென்புற அடிவாரத்தில் உள்ள கீழ்க்குடைவரைக்கும் போய் வாருங்கள். பாண்டியர் காலத்தது. சிவனுக்கும் திருமாலுக்கும் எதிரெதிரே கருவறைகள், பின்சுவரில் கணபதி, முருகன், பிரம்மா, சூரியன், கொற்றவை. படி ஏறவே முடியாதவர்களுக்கு இதுதான் சரியான இடம்.