மினிவான் கேட்டுப் போனோம், வாடகைக்கு ஓடிய குரொஸ்ஓவரைத் தலையில் கட்டினார்கள்

ரொறன்ரோ பக்கம் பாவித்த குடும்ப வாகனம் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் போகிற ஒரு விற்பனை நிலையத்தில் எங்களுக்கு நடந்தது இது. பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. எப்படி ஏமாற்றினார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரியவேண்டும்.

வீட்டில் ஆறு பேர். மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் இன்னும் கார் சீற்றில். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. எங்களுக்கு வேண்டியது மினிவான்தான் என்பதில் ஆரம்பத்திலிருந்தே குழப்பம் இருக்கவில்லை. புது ரொயோட்டா சியன்னா மினிவானுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 மொடலிலிருந்து அது ஹைபிரிட்டாக மட்டும் வருவதால், பெற்றோல் செலவைப் பார்க்கிற எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் பழைய காரோ விபத்தில் போய்விட்டது; காப்புறுதி தந்த வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கிற நாளும் நெருங்கிவிட்டது. ஆகவே பாவித்த வானாகத் தேடினோம். இணையத்தில் ஒரு ஹொண்டா ஒடிசி மினிவானின் விளம்பரம் கண்ணில் பட்டது, விலையும் கட்டுப்படியாக இருந்தது. போன் எடுத்தால், "இருக்கு அக்கா, வாங்கோ, உங்களுக்காகவே வைச்சிருக்கிறன்" என்றார் அங்கே வேலை செய்கிற தமிழ்ப் பொடியன்.

போய் இறங்கியதும் கதை மாறியது. "ஐயோ அக்கா, காலமைதான் ஒராள் காசு கட்டிட்டார்." அந்த விளம்பரம் அதற்குப் பல கிழமைகள் கழித்தும் அப்படியே கிடந்ததை நான் பார்த்தேன். அப்படியொரு வான் அங்கே நின்றதா என்பதே எனக்குச் சந்தேகம்.

அதற்குப் பதிலாக அவர் காட்டியது மூன்று வரிசை குரொஸ்ஓவர் ஒன்று, அதாவது காரின் அடித்தளத்தில் செய்த எஸ்யூவி. "இதிலயும் ஏழு பேர் இருக்கலாம். வானை இப்ப ஆர் அக்கா எடுக்கினம்? ஸ்னோவுக்கு இதுதான் சரி" என்றார். இந்த ஸ்னோ கதையை எல்லா இடத்திலும் சொல்வார்கள், கவனம். ஓல் வீல் டிரைவ், அதாவது நாலு சில்லையும் சுழற்றுகிற வசதி, பனியில் கிளம்புவதற்கு உதவும். பிரேக் பிடித்தால் நிற்பதற்கு உதவாது. நிற்க வேண்டுமென்றால் நல்ல வின்ரர் ரயர் வேண்டும். அதைப் போட்டால் ஒன்ராறியோவில் காப்புறுதிக்காரர் கழிவு கொடுக்கவேண்டும் என்று 2016 முதல் விதியே இருக்கிறது. போதாததற்கு, சியன்னாவிலும் கிறைஸ்லரின் பசிபிக்கா மினிவானிலும் ஓல் வீல் டிரைவ் வாங்கலாம். இதை அவரிடமே சொன்னேன். உடனே பேச்சைக் கடைசி வரிசைக்குத் திருப்பினார்.

நடு வரிசைச் சீற்றை ஒரு கையால் மடித்துக் காட்டி, "பாருங்கோ, எவ்வளவு லேசு" என்றார். எங்கள் கார் சீற்றைக் கொண்டுவந்து பூட்டிப் பார்க்கலாமா என்று கேட்டோம். "அதெல்லாம் பிரச்சினை இல்லை அக்கா, பூட்டினாலும் இப்பிடியேதான் மடியும்" என்றார். அது முழுப் பொய். கார் சீற் பூட்டியிருக்கும்போது அந்த வரிசை மடியவே மடியாது. பின்னுக்குப் போகவேண்டியவர் இரண்டு சீற்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் உடம்பை வளைத்துப் போகவேண்டும். அம்மா ஒருமுறை முயற்சி செய்துவிட்டு, "எனக்கு முன் சீற்றைத் தாங்கோ, இல்லாட்டி வீட்டிலயே நிக்கிறன்" என்று சொல்லிவிட்டார். மினிவானில் தளம் தாழ்வாக இருக்கும். கதவு பக்கவாட்டில் வழுக்கித் திறக்கும். பிளாசாவில் பக்கத்துக் காரோடு ஒட்டி நிறுத்தினாலும் பிள்ளையை இறக்கலாம்.

சாமான் வைக்கிற இடமும் அப்படித்தான். மூன்றாம் வரிசையை நிமிர்த்தி வைத்தால் ரொயோட்டாவின் ஹைலாண்டர் குரொஸ்ஓவரில் பின்னால் மிஞ்சுவது 16 கனஅடி. அதே ரொயோட்டாவின் சியன்னாவில் 33.5. ஒடிசியும் பசிபிக்காவும் 32 கனஅடிக்கு மேல். ஆறு பேர் ஏறிய பிறகு ஸ்ரோலரையும் அரிசி மூட்டையையும் எங்கே வைப்பது என்பதை இந்த எண்தான் சொல்லும். குரொஸ்ஓவர் கூடாது என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது நல்ல வாகனம். படகோ டிரெய்லரோ இழுப்பவருக்கு அதுதான் பொருத்தம்: ஹைலாண்டர் 5,000 இறாத்தல் வரை இழுக்கும், சியன்னா 3,500தான். ஆனால் எங்கள் தேவை என்னவென்று முதல் பேச்சிலேயே சொல்லியிருந்தோம். தெரிந்துகொண்டுதான் இதை விற்றார்கள்.

வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நெருக்கடியில் கடைசியில் அதையே வாங்கினோம். கடதாசி வேலை இன்னும் மோசம். மொத்த விலையைச் சொல்லாமல், இரண்டு கிழமைக்கு ஒருக்கா எவ்வளவு என்பதையே பேசினார்கள். கடனை 84 மாதத்துக்கு இழுத்தால் எந்த விலையும் சிறிதாகத்தான் தெரியும். பில்லில் நிர்வாகக் கட்டணம், கண்ணாடியில் இலக்கம் பொறித்த கட்டணம், ரயருக்கு நைதரசன் அடித்த கட்டணம் என்று வரிசையாக வந்தது. ஒன்ராறியோவில் வாகன விற்பனை நிலையம் விளம்பரத்தில் போடுகிற விலையில், எச்எஸ்ரி என்ற விற்பனை வரியையும் பதிவுச் செலவையும் தவிர மற்றக் கட்டணம் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். 2010 முதல் இதுதான் சட்டம். சட்டத்தைச் சொல்லிச் சண்டை பிடித்த பிறகு அவற்றை வெட்டினார்கள். துருத்தடுப்புக்கு மட்டும், "ஏற்கனவே அடிச்சாச்சு" என்று காசு வாங்கிவிட்டார்கள்.

முந்தைய பாவனை பற்றிக் கேட்டதற்குச் சொன்ன பதில்: "ஒரே ஓனர்தான் அக்கா, நல்லா வைச்சிருந்தவர்." வாகனத்தின் பழைய வரலாற்றைக் காட்டுகிற கார்பக்ஸ் அறிக்கையில் விபத்து இல்லை என்ற பக்கத்தை மட்டும் காட்டினார்கள்.

ஒரு நாள் பின்கண்ணாடியில் பிள்ளைகளின் கைரேகையைத் துடைக்கும்போது, மூலையில் சுரண்டி எடுத்த ஸ்ரிக்கரின் பசை தட்டுப்பட்டது. அருகில் போய்ப் பார்த்தால் பார்கோடின் கோடுகள் பாதி அழிந்தபடி இருக்கின்றன. வாடகைக் கார்களில் ஒட்டுகிற மாதிரியான ஸ்ரிக்கர். மாகாண அரசின் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் 20 டொலர் கட்டி யூவிஐபி என்ற பாவித்த வாகனத் தகவல் பொதியை எடுத்தோம். பாவித்த வாகனம் ஒன்றின் ஒன்ராறியோப் பதிவு வரலாறு அதில் இருக்கும். வின் எனப்படும் வாகன அடையாள இலக்கம் தெரிந்த எவரும் எடுக்கலாம். அந்த "ஒரே ஓனர்" ஒரு வாடகைக் கார் நிறுவனம்.

நிலைய முகாமையாளரிடம் போனோம். "விற்றால் விற்றதுதான், கொன்ராக்ரில எழுதியிருக்கு" என்றார். ஒன்ராறியோவில் விற்பனை நிலையத்தில் வாங்கிய வாகனத்தை மனம் மாறித் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. வாடகைக்கோ டாக்ஸியாகவோ ஓடியதை, உண்மையான கிலோமீற்றரை, பெரும் சேதமடைந்த வாகனத்துக்குப் பதிவில் இடுகிற சல்வேஜ் போன்ற முத்திரையை மறைத்து விற்றால், வாகனம் கையில் கிடைத்ததிலிருந்து 90 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை முறிக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. வாடகைக் கார் விடயத்தில், இடையில் வேறொருவர் சொந்தமாக வைத்திருந்து விற்றிருந்தால் இந்த உரிமை இல்லை. எங்களுடையது நேரே அந்த நிறுவனத்திடமிருந்து விற்பனையாளருக்கு வந்தது.

ஒப்பந்தத்தை முறிப்பதாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். வாகன விற்பனையாளர்களுக்கு உரிமம் கொடுக்கிற ஓம்விக்கிடம் முறைப்பாடும் செய்தோம். அதுவரை போனே எடுக்காதவர்கள், பிறகு தாங்களாகவே அழைத்தார்கள். வாகனத்தை எடுத்துக்கொண்டு கடனை ரத்துச் செய்தார்கள். அந்தப் பொடியன் மட்டும், "எங்கட ஆக்களுக்குள்ள இப்பிடிச் செய்யலாமோ அக்கா" என்று என்னிடமே கேட்டார். அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொல்லியும் எங்களிடம் பொய் சொன்னவர் அவர்.

துருத்தடுப்புக்குக் கட்டிய காசு இன்னும் வரவில்லை, அதற்காக எழுதிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் வாங்குவதாக இருந்தால் கார் சீற்றையும் ஸ்ரோலரையும் கையோடு கொண்டுபோங்கள், பூட்டிப் பார்க்க விடாவிட்டால் திரும்பி வாருங்கள். முந்தைய பாவனை என்ன என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஏற்கனவே வாங்கி 90 நாள் முடியாதவர்கள் இந்தக் கிழமையே யூவிஐபி எடுத்துப் பாருங்கள்.