"தினசரி பேக்கப் உண்டு" என்பதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன்

கோயம்புத்தூரில் நாங்கள் நால்வர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனம், உதிரிபாகக் கடைகளின் இருப்புக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை மாதச் சந்தாவுக்குத் தருகிறது. பெரிய கிளவுட் நிறுவனங்களின் கட்டணம் கட்டுப்படியாகாததால், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும், கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுடையும் நாங்களே நிறுவி நடத்துவதென்று முடிவுசெய்து, ஒரு மறுவிற்பனையாளரிடம் மெய்நிகர் சர்வர் (ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பங்கிட்டுத் தரும் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். மாத வாடகை 1,400 ரூபாய். "தினசரி பேக்கப்" வசதிக்குத் தனியே 350 ரூபாய். அந்தத் தனிக்கட்டணத்தை 14 மாதங்கள் தவறாமல் கட்டினோம்.

ஒரு சனிக்கிழமை காலை சர்வர் நின்றது. பதினொரு மணி நேரம் கழித்து வந்த பதிலில், எங்கள் சர்வர் இருந்த இயந்திரத்தில் இரண்டு வட்டுகள் ஒருசேரப் பழுதாகிவிட்டதாகவும், தரவை மீட்க இயலாது என்றும் எழுதியிருந்தார்கள். பேக்கப்பிலிருந்து மீட்டுத் தாருங்கள் என்று கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது: கட்டுப்பாட்டுப் பக்கத்தில் நாள்தோறும் பச்சைக் குறியோடு வரிசையாகத் தெரிந்தவை எல்லாம் அதே இயந்திரத்தின் அதே வட்டுகளில் எடுத்து வைக்கப்பட்ட ஸ்னாப்ஷாட்டுகள், அதாவது அந்தந்த நேரத்து நிலையின் பதிவுகள். வீடு எரிந்தபோது, வீட்டுக்குள் வைத்திருந்த மாற்றுச் சாவியும் சேர்ந்து எரிந்த கதைதான்.

நிரல்கள் தப்பின, ஏனென்றால் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியில் ஒவ்வொருவர் மடிக்கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். வாடிக்கையாளர் தரவுக்கு மிஞ்சியது, சோதனைக்காக ஒரு நண்பர் எப்போதோ இறக்கி வைத்திருந்த, 19 நாள் பழைய பிரதி ஒன்றுதான். இடைப்பட்ட நாட்களின் பதிவுகளைக் கடை கடையாகப் போய், காகித பில்களைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். "ஏனுங் தம்பி, நோட்டு வேண்டாம், கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இது உலகில் நடக்காத விபத்தன்று. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, அதே கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்த பேக்கப்பும் சேர்ந்து அழிந்ததால் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் ஒருவருக்கு இழப்பீடு தரும்படி 2023இல் லில் நகர வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீ விபத்தைப் பற்றித் தேநீர் குடித்தபடி நாங்களே அலசியிருக்கிறோம். ஆனாலும் எங்கள் பேக்கப் எங்கே இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

விற்பனையாளர் ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார், அவ்வளவே. பொறுப்பின் உச்சவரம்பு ஒரு மாதக் கட்டணம் என்று ஒப்பந்தத்தின் அடியில் இருந்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நினைத்தோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலால் மட்டும் பிழைப்பவருக்கு விலக்கு உண்டென்றாலும், நால்வர் கூட்டாக நடத்தும் நிறுவனத்துக்கு அது பொருந்துமா என்று வாதாடும் தெம்பு எங்களிடம் இல்லை.

சொந்தமாகச் சர்வர் நடத்துவதே தவறு என்று இதைப் படித்துவிட்டு யாரும் சொல்ல வேண்டாம்; நாங்கள் இன்றும் அப்படித்தான் நடத்துகிறோம். சர்வர் வாடகைக்கு எடுப்பவர்கள், பேக்கப் எந்த இயந்திரத்தில், எந்த ஊரில் இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மழுப்பலான பதில் வந்தால் அந்த 350 ரூபாயைக் கட்டாதீர்கள். இப்போது நாங்கள் இரவுதோறும் தரவை மறையாக்கம் செய்து, தொடர்பே இல்லாத வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்புகிறோம். மாதத்தின் முதல் திங்களன்று அதைப் பழைய மடிக்கணினி ஒன்றில் மீட்டுப் பார்க்கிறோம். முதல் ஒத்திகையே தோற்றது: போஸ்ட்கிரெஸின் நகலெடுக்கும் கருவியான பிஜி-டம்ப் தரவுத்தளத்தை எடுக்குமே தவிர, அதற்குள் நுழையும் பயனர் கணக்குகளை எடுக்காது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது.