சக மாணவர் மதிப்பீடு: பல பருவங்கள் பயன்படுத்திய பின்

பொறியியல் மாணவர்களின் குழு வேலைக்குச் சக மாணவர் மதிப்பீட்டை, அதாவது குழுவில் இருப்பவர்களே ஒருவரையொருவர் எண் போட்டு மதிப்பிடுவதை, பல பருவங்களாகப் பயன்படுத்தியதில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். பருவக் கடைசியில் ஒரே ஒருமுறை, புள்ளி பிரிப்பதற்காக மட்டும் நடத்தினால் அதனால் மாணவருக்குப் பயனில்லை. பாதிப் பருவத்திலேயே ஒருமுறை நடத்தி, வந்த கருத்தை அவரவர் கையில் கொடுத்து, திருத்திக்கொள்ள ஆறு வாரமாவது விட்டால்தான் அது வேலைத்திறனாக மாறுகிறது.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கை பட்டாணி பக்கம் படிக்கிறவர்களில் பலருக்குத் தொழிற்பயிற்சி செம்பனை ஆலையில் அமையும், அல்லது கூலிம் தொழிற்பேட்டையில். ஆலைக்குப் போனவரிடம் முதல் வாரமே எதிர்பார்ப்பது சூத்திரங்களை அல்ல. ஷிப்ட் மாறும்போது நிலவரத்தைச் சரியாக ஒப்படைக்க வேண்டும், பக்கத்தில் வேலை செய்பவரின் தவற்றை முகம் முறியாமல் சொல்ல வேண்டும், தன் தவற்றைப் பிறர் சொன்னால் கேட்க வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009-இல் முழு உறுப்பினரானது. குழுவாக இயங்கும் திறன், அதன்கீழ் அங்கீகாரம் பெறும் பட்டப்படிப்புகள் நிரூபித்துக் காட்டவேண்டிய விளைவுகளில் ஒன்று. குழு அறிக்கைக்கு 70 புள்ளி போட்டு, ஐந்து பேருக்கும் அதே 70-ஐக் கொடுத்தால் அந்தத் திறனை யார் பெற்றார், யார் பெறவில்லை என்று எதை வைத்துச் சொல்வது?

எதை மதிப்பிடுவது என்பதற்குப் பர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து நடத்தப்படும் கேட்மி (CATME) என்ற இணையவழிக் குழு மதிப்பீட்டு முறையின் ஐந்து கூறுகள் இன்றுவரை கைவிடவில்லை: குழுவின் வேலைக்குப் பங்களிப்பது, குழுவினரோடு பழகும் விதம், வேலை தடம் மாறாமல் பார்த்துக்கொள்வது, தரத்தை எதிர்பார்ப்பது, தேவையான அறிவும் திறனும். இதன் பலம், 1, 3, 5 என்ற நிலைகளுக்கு நேரே நடத்தை எழுத்தில் இருப்பது. ‘நல்லவர்’, ‘பொறுப்பானவர்’ என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. ‘சொன்ன நாளில் சொன்ன வேலையை முடித்தார்’, ‘கூட்டத்துக்கு வராமல் தகவலும் தரவில்லை’ என்பன போன்ற வரிகளே இருக்க வேண்டும். கேட்மி கட்டணச் சேவை. கட்ட வழியில்லாதவர்கள் அந்த ஐந்து கூறுகளுக்கும் தங்கள் பாடத்துக்கு ஏற்ற நடத்தை வரிகளைத் தாங்களே எழுதி, எக்செல் தாளில் கணக்குப் போட்டாலும் குறைவொன்றுமில்லை.

கணக்குக்கு லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் வெப்பிஏ (WebPA) முறை எளிது. ஒருவர் மற்றவர்களுக்கு இட்ட எண்களைக் கூட்டி, ஒவ்வொன்றையும் அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் அவர் கொடுத்தது மொத்தம் 1 ஆகிவிடும். தாராளமாகப் போடுகிறவருக்கும் கஞ்சத்தனமாகப் போடுகிறவருக்கும் இதனால் ஒரே எடை கிடைக்கிறது. பிறகு ஒவ்வொருவரும் பெற்றதைக் கூட்டினால் அவரது காரணி வரும். சராசரி 1. அறிக்கைக்கு 70, அதில் பாதி மட்டும் காரணியால் மாறும் என்று வைத்தால், காரணி 0.8 பெற்றவருக்கு 35 + 28 = 63. 1.15 பெற்றவருக்கு 35 + 40.25 = 75.25. முழுப் புள்ளியையும் காரணியால் பெருக்குவதைத் தவிர்க்கவும். சண்டை அங்கேதான் தொடங்கும்.

இதில் அடிக்கடி தவறுகிற இடம் ஒன்று உண்டு. ஐந்து பேர் குழுவில் ஒருவர் படிவத்தைத் தரவில்லை என்றால் மொத்தம் 5-க்குப் பதில் 4 ஆகி, சராசரி 0.8-க்கு இறங்கும். தந்த நால்வருக்கும் மூவரிடமிருந்துதான் எண் வருவதால், ஒழுங்காகத் தந்தவர்களே புள்ளி இழப்பார்கள். தந்த நால்வரின் காரணியை மட்டும் 4/3-ஆல் பெருக்கிச் சரிசெய்ய வேண்டும். தராதவருக்கு நால்வரும் எண் போட்டிருப்பதால் அவருடையதை மாற்ற வேண்டாம். தனக்குத் தானே இடும் எண்ணைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். தன் எண்ணுக்கும் பிறர் எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் மாணவரோடு உட்கார்ந்து பேசச் சிறந்த தொடக்கம்.

பதினான்கு வாரப் பருவத்துக்கு இந்த ஒழுங்கு பொருந்துகிறது: இரண்டாம் வாரம் பயிற்சி, ஏழாம் வாரம் புள்ளியில்லாத முதல் சுற்று, பதின்மூன்றாம் வாரம் புள்ளிக்குரிய சுற்று. இரண்டாம் வாரப் பயிற்சியை நேரமில்லை என்று விட்டுவிடுவது பலரின் வழக்கம். முறை கெடுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை. கற்பனையான இரண்டு உறுப்பினர்களைப் பற்றி ஆளுக்கு ஐந்தாறு வரி எழுதிக் கொடுத்து, வகுப்பே எண் போட வேண்டும். ஒரே ஆளுக்கு ஒருவர் 2, இன்னொருவர் 5 போட்டிருப்பார். எந்த வரியைப் பார்த்துப் போட்டார்கள் என்று அரைமணி நேரம் பேசினால் அளவுகோல் ஓரளவு ஒன்றாகும்.

தோட்டப் பட்டணத்துக்கே உரிய சிக்கல்கள் தனி. ஒரே தோட்டம், ஒரே லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஒரே கோயில் திருவிழாக் குழு என்று வளர்ந்த பிள்ளைகள் ஒரு குழுவில் இருந்தால் குறைந்த எண் வராது. வந்தாலும் அது வீடுவரை போகும். முடிந்தவரை ஒரே தோட்டத்துக்காரர்களைப் பிரித்துப் போடுவது நல்லது. டிப்ளோமா முடித்து நேரே இரண்டாமாண்டில் சேர்ந்தவர் வயதில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணன் அல்லது அக்கா. அவருக்கு இளையவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 5 போடுவார்கள். ‘அண்ணன் எப்படி’ என்று கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். ‘அழுத்தக் கணக்கை யார் செய்தார், எந்தத் தேதியில் குழுவுக்கு அனுப்பினார்’ என்று கேட்டால் உண்மை வரும். மூன்று பேர் குழுவில் யார் என்ன எழுதினார் என்பதை மறைக்க முடியாது, குறைந்தது நான்கு பேர் வேண்டும். கருத்தைத் தமிழில் எழுதவிட்டால் தெளிவாகவும் நீளமாகவும் எழுதுகிறார்கள். ஆனால் மலாய், சீன மாணவர்கள் கலந்த குழுவில் தமிழர் இருவர்தான் என்றால் தமிழ்க் கருத்தே எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும். விரிவுரையாளர் எல்லாக் கருத்தையும் ஒரே மொழியில் சுருக்கி எழுதித்தான் கொடுக்க வேண்டும். படிவத்தை வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். சில தோட்டங்களில் இணைய வசதி கைகொடுக்காது, பக்கத்தில் நண்பரும் உட்கார்ந்திருப்பார். வகுப்பிலேயே, தள்ளி உட்காரவைத்து, இருபது நிமிடம் போதும்.

‘எல்லாருக்கும் 4’ என்று முன்பே பேசி வைத்துக்கொள்வது எங்கும் நடக்கிறது. எண்ணோடு ஒரு சம்பவமும் கட்டாயம் என்று வைத்தால் அது பெரும்பாலும் உடைகிறது: எந்த நாள், என்ன செய்தார், அதனால் வேலைக்கு என்ன ஆனது, அடுத்தமுறை எப்படிச் செய்யலாம். இந்த நான்கும் இல்லாத படிவத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். சம்பவம் நினைவில் நிற்க வாரந்தோறும் ஒரு பக்கக் குழுப் பதிவேடு வேண்டும்.

எழுத்து வேலைகளுக்கு மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தில் உள்ள வொர்க்ஷாப் செயல்பாடு உதவும். ஷிப்ட் ஒப்படைப்புக் குறிப்பை எழுதச் சொல்லி, ஒவ்வொன்றையும் மூன்று பேர் திருத்தும்படி வைக்கலாம். ஸ்டெரிலைசரின் (பழக்குலைகளை நீராவியில் அவிக்கும் கலன்) அழுத்தம் ‘3’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது ‘பார்’ (bar) அலகா, வேறு அலகா என்று திருத்துபவர் கேட்க வேண்டும். எந்த வால்வு பூட்டப்பட்டது, சாவி யாரிடம் என்பதும் இருக்க வேண்டும். பிறர் குறிப்பில் இந்த ஓட்டையைக் கண்டவர் தன் குறிப்பில் அதை விடுவது குறைகிறது. எல்லாவற்றிலும் கண்கூடாகத் தெரியும் பலன் இதுதான். ஒரு குறை: திருத்தியவருக்கான புள்ளியை வொர்க்ஷாப், சராசரிக்கு மிக நெருங்கிய மதிப்பீட்டைச் சிறந்ததாகக் கொண்டு கணக்கிடுகிறது. மூவரும் தாராளமாகப் போட்டால் தாராளத்துக்கே பரிசு. சில குறிப்புகளுக்காவது விரிவுரையாளர் தம் மதிப்பீட்டை அதிக எடையோடு சேர்க்க வேண்டும்.

உழைப்பு குறைவு என்று யாரும் நம்ப வேண்டாம். நாற்பது பேர் வகுப்பு, ஐவர் குழு என்றால் ஒரு சுற்றுக்கு 160 கருத்துகள். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் இரண்டு மணி நாற்பது நிமிடம் வாசிக்க மட்டும் போகும், சுருக்கி எழுதுவது அதற்கு மேல். அந்த நேரம் இல்லாதவர்கள் காரணியைப் போடாமல் ஏழாம் வாரச் சுற்றை மட்டும் நடத்தலாம், அதற்கே பலன் உண்டு. காரணி போடுகிறவர்கள் 0.8-க்குக் கீழோ 1.15-க்கு மேலோ போகாமல் வரம்பு கட்டவும். முறையீட்டுக்கு மூன்று நாள் கொடுக்கவும், பதிவேட்டின் பக்கத்தோடு வந்தால் மட்டும் கேட்கவும்.