ஜெர்சி சிட்டியா, ஃப்ரிஸ்கோவா?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்திலிருந்து அமெரிக்கா போய்ப் பத்து வருஷம் ஆனவர்கள் வீடு பார்க்கும்போது பேச்சு பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும்: நியூயார்க்கை ஒட்டி ஜெர்சி சிட்டியில் அபார்ட்மெண்டா, டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் தனி வீடா. சம்பளம், வரி, பள்ளிக்கூடம் என்று காரணம் சொல்வார்கள். எனக்கென்னவோ பாதி முடிவை ஊரிலேயே எடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள் என்று தோன்றுகிறது.

எங்கள் மாவட்டத்தையே பாருங்கள். ஒற்றப்பாலம் பக்கம் நல்ல மழை, வீட்டுக்கு வீடு கிணறு, அதனால் ஒவ்வொரு வீடும் தன் தொடிக்கு, அதாவது வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்துக்கு, நடுவே தனியாக நிற்கும், பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்பது இங்கே தெரியாது. கிழக்கே நம் பக்கம் மழை குறைவு, தண்ணீர் இருக்கிற இடத்தில் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் சுவரோடு சுவர், தேர் வாசலிலேயே வந்து நிற்கும்.

தொடியில் வளர்ந்தவருக்கு ஃப்ரிஸ்கோ சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. பால் வாங்கவும் கார், காரிய சித்தி அனுமார் கோயிலுக்கும் கார், அதெல்லாம் அவருக்குக் குறையாகவே படாது. கொல்லையில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்து, குளிர் வந்தால் அதைக் கராஜுக்குள் இழுத்துப் போடுவார். மாநில வருமான வரி இல்லை என்று பெருமை வேறு. (சொத்து வரி வரும்போது பேச்சு மாறும்.)

இப்படி நெருக்கமான தெருவில் வளர்ந்தவர் ஜெர்சி சிட்டியின் ஜெர்னல் ஸ்கொயர் பக்கம் போகிறார். இறங்கி நடந்தால் நியூவார்க் அவென்யூவில் முருங்கைக்காய், ராத்திரி எந்நேரமும் மன்ஹாட்டனுக்கு ரயில். மேல்மாடிக்காரர் நடக்கிற சத்தம் தலைக்கு மேலேதான், அது அவருக்குப் பழக்கம்.

ஆனால் எல்லாரும் இப்படி இல்லை. என் சித்தி மகள் குழாயடித் தெருவில் வளர்ந்தவள், எத்தனை மணிக்கு வந்தாள், யாரோடு வந்தாள் என்று தெருவே கணக்கு வைத்திருந்தது. “நாலு பக்கமும் சுவர் எனக்கே எனக்காக இருக்கணும்” என்று ஃப்ரிஸ்கோவுக்குப் போய்விட்டாள். பெண்களிடம் இதை நிறையவே கேட்டிருக்கிறேன்.

அப்பா அம்மா ஆறு மாசம் வந்து தங்குவார்கள் என்றால் என் ஓட்டு ஜெர்சி சிட்டிக்குத்தான். ஃப்ரிஸ்கோவில் கார் ஓட்டத் தெரியாத பெரியவர், அதுவும் ஜூலை வெயிலில், மகன் ஆபீஸிலிருந்து வரும்வரை வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். சித்தப்பா போன தடவை டிக்கெட்டை முன்னாலேயே மாற்றிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்.