லினக்ஸுக்கு எந்த யூஎஸ்பி லேன் அடாப்டர்? பிராண்டை விடுங்கள், சிப்பைக் கேளுங்கள்

யூஎஸ்பி லேன் அடாப்டரை பிராண்டு பார்த்து வாங்குவதில் பயனில்லை. பெட்டியின் மேல் யார் பெயர் இருந்தாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் ரியல்டெக் அல்லது ஏசிக்ஸ் சிப்தான். ஒரே மாடல் பெயரில் இடையில் சிப்பை மாற்றி விற்பதும் நடக்கிறது. அதனால் இந்த மதிப்பீடு சிப்புகளைப் பற்றியது. லினக்ஸில் சிப், அதை இயக்கும் டிரைவர், லினக்ஸின் கருவான கெர்னலின் பதிப்பு மூன்றும் ஒத்துப்போனால்தான் அடாப்டர் நிம்மதியாக ஓடும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1 கிகாபிட் போதும் என்றால் ரியல்டெக் ஆர்டிஎல்8153பி. வீட்டில் 2.5 கிகாபிட் ஸ்விட்ச் இருந்தால் ஆர்டிஎல்8156பி. ஏசிக்ஸ் ஏஎக்ஸ்88179 இரண்டாம் இடம். 9700 என்று எண் போட்டு வரும் மலிவுச் சரக்கு வேண்டவே வேண்டாம்.

அந்த 9700ஐப் பற்றி இரண்டே வரி. அட்டையில் 100 எம்பிபிஎஸ் என்று இருக்கும். ஆனால் சிப் பேசுவது யூஎஸ்பி 1.1. அந்தப் பாதையின் உச்சவரம்பே 12 எம்பிபிஎஸ்தான். எந்த டிரைவரை மாற்றினாலும் இந்த வேகம் கூடப்போவதில்லை.

மற்றவற்றில் எதை வாங்கினாலும், செருகியதும் டெர்மினலில் ‘எல்எஸ்யூஎஸ்பி -டி’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். அடாப்டர் இருக்கும் வரியில் இரண்டு தகவல்கள் முக்கியம்: எந்த டிரைவர் பிடித்திருக்கிறது, எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது. 5000எம் என்று வர வேண்டும். 480எம் என்று வந்தால் அடாப்டர் யூஎஸ்பி 2.0 ஆகத்தான் ஓடுகிறது. கிகாபிட் அடாப்டரிலும் சுமார் 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. போர்ட் பழையதாக இருக்கலாம், நடுவில் யூஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிள் இருக்கலாம், பிளக் முழுதாக உள்ளே போகாமலும் இருக்கலாம். வேகம் குறைவு என்று டிரைவரைத் திட்டுபவர்களில் பலருக்கு விடை இந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிடும்.

டிரைவர் பெயர் ரியல்டெக் சிப்புக்கு ‘ஆர்8152’ என்று இருக்க வேண்டும். ‘சிடிசி_ஈதர்’ அல்லது ‘சிடிசி_என்சிஎம்’ என்று இருந்தால் பொதுவான டிரைவர் ஒன்று முந்திக்கொண்டிருக்கிறது. 8153 சிப்புக்குள் இரண்டு அமைப்புகள் உண்டு. முதலாவது ரியல்டெக்கின் சொந்த முறை, இரண்டாவது எல்லா இயங்குதளங்களுக்கும் புரியும் பொது முறை. கெர்னலின் இயல்பான விதி பொது முறையைத் தேர்ந்தெடுப்பது. ஆர்8152 டிரைவர் சிப்பின் யூஎஸ்பி ஐடியை (தயாரிப்பாளரையும் பொருளையும் குறிக்கும் எண்) அறிந்திருந்தால் அதை முதல் அமைப்புக்கு மாற்றிக்கொள்ளும். டாக் (லேப்டாப்புக்குப் பல போர்ட்களைச் சேர்த்துத் தரும் பெட்டி) தயாரிப்பாளர்கள் சிப்புக்குத் தங்கள் சொந்த ஐடியைப் போட்டுவிடுவதால், பழைய கெர்னலுக்கு அது அடையாளம் தெரியாமல் போகிறது. பொது டிரைவரிலும் இணையம் வரும். ஆனால் ‘ஈத்டூல்’ என்னும் கட்டளை வழியாக வேகத்தை நிர்ணயிப்பது, ஈஇஇ என்னும் மின்சேமிப்பை அணைப்பது போன்ற கைப்பிடிகள் இருக்காது. இதற்குச் சரியான மருந்து புதிய கெர்னல்.

8156இல் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஆர்8152 டிரைவருக்குள் இந்தச் சிப் சேர்ந்தது 2021இல் வந்த 5.13 கெர்னலில்தான். டெபியன் 11 வெளியானது 5.10 கெர்னலோடு, உபுண்டு 20.04 தொடங்கியது 5.4இல். அவற்றில் 2.5 கிகாபிட் அடாப்டர் சிடிசி_என்சிஎம் கையில் போய்ச் சேரும். இந்தச் சிப் ஏறத்தாழ 32 மில்லிவினாடிக்கு ஒருமுறை இணைப்பு நிலவரத்தை அறிவிக்கும் பழக்கம் உடையது. பழைய சிடிசி_என்சிஎம் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதும். லாக் கோப்பு கிகாபைட் கணக்கில் வீங்கி டிஸ்க் நிறைந்துபோவதற்கு இதுதான் காரணம். டெபியன் 12 அல்லது உபுண்டு 22.04க்கு மாறினால் தொல்லை போய்விடும். மாற முடியாதவர்கள் 8153 வாங்குவதே நல்லது. ரியல்டெக் தரும் தனி டிரைவரை டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரை மறுபடி கட்டும் கருவி) மூலம் நிறுவலாம்தான்; ஆனால் கெர்னல் புதுப்பிக்கும்போது அது மறுபடி கட்டப்படாமல் தவறினால் மறுதொடக்கத்துக்குப் பின் வலை இருக்காது, செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) இருந்தால் கையொப்பமும் இட வேண்டும். கைவசம் வேறு இணைப்பு இல்லாத கணினிக்கு இது பொருத்தமான வழி அல்ல.

இனி, இந்த அடாப்டர்களைப் பற்றி வரும் முதன்மைப் புகார்: ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும், கழற்றிச் செருகினால்தான் உயிர் வரும். இதில் மூன்று வெவ்வேறு நோய்கள் கலந்து கிடக்கின்றன. கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெஸ்ஜி -டபிள்யூ’ ஓடும் ஒரு சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நிற்கும் அந்த நேரத்தில் என்ன வரி விழுகிறது என்று பார்த்தால் பிரித்துவிடலாம்.

‘யூஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்று விழுந்தால் கருவியே யூஎஸ்பி இணைப்பிலிருந்து அறுந்திருக்கிறது. அதற்கு முன்பு -71 என்ற பிழை எண் வந்திருந்தால் சந்தேகம் மின்சாரத்தின் மீதும் கேபிளின் மீதும். டிரைவரில் கை வைக்காதீர்கள். ஹப்பை எடுத்துவிட்டு நேரே போர்ட்டில் செருகுங்கள். ஹப் தவிர்க்க முடியாதென்றால் தனி மின்சாரம் உள்ளதாக இருக்கட்டும். ராஸ்பெர்ரி பை 4இல் நான்கு யூஎஸ்பி போர்ட்களுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று ஏற்கெனவே தொங்கினால் அடாப்டருக்கு மிச்சம் சொற்பம்.

‘கேரியர் ஆஃப்’ என்று வந்தால் யூஎஸ்பி பக்கம் நலம். அறுந்தது லேன் பக்கம். ‘ஈத்டூல் -எஸ்’ காட்டும் எண்ணிக்கையில் (இங்கே பெரிய எஸ்) சீரமைப்புப் பிழைகள் ஏறிக்கொண்டே போனால் லேன் கேபிளை மாற்றுங்கள். கிகாபிட் அடாப்டர் 100இல் மட்டும் இணைந்து நின்றாலும் காரணம் பெரும்பாலும் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி தொடாததே. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். கேபிளும் நல்லது, பழைய ஸ்விட்சோடு மட்டும் விட்டுவிட்டு அறுகிறது என்றால் ஈஇஇயை அணைத்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான டிரைவர் பக்கத்து நோய். டிஸ்கனெக்ட் இல்லை, கேரியர் மாற்றமும் இல்லை. ‘நெட்டெவ் வாட்ச்டாக்’ என்று தொடங்கி, அனுப்பும் வரிசை காலாவதி ஆனதாக ஒரு வரி மட்டும் வரும். இதில் முதல் சந்தேகம் உறக்கம். லினக்ஸ் கெர்னல் இயல்பாக லேன் அடாப்டரைத் தானாகத் தூங்க வைப்பதில்லை. மின்சேமிப்பு மென்பொருள்களான டிஎல்பியோ பவர்டாப்போதான் அதை மாற்றியிருக்கும். கருவியின் சிஸ்எஃப்எஸ் கோப்பகத்தில் (கெர்னல் கருவிகளின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) ‘பவர்/கன்ட்ரோல்’ கோப்பைப் படியுங்கள். ‘ஆட்டோ’ என்றிருந்தால் ‘ஆன்’ என்று எழுதுங்கள். பலன் தெரிந்தால் டிஎல்பியின் யூஎஸ்பி விலக்குப் பட்டியலில் அடாப்டரின் ஐடியைச் சேர்த்து நிலைப்படுத்துங்கள்.

அது ஏற்கெனவே ‘ஆன்’ என்றிருந்தால் அடுத்து எல்பிஎம். இது யூஎஸ்பி 3 இணைப்பே இடைவெளிகளில் அரைத்தூக்கம் போடும் முறை. சில அடாப்டர்கள் எழுந்திருக்கத் தவறுகின்றன. ரியல்டெக்கின் சொந்த 8153 ஐடிக்குக் கெர்னலே இதை அணைத்து வைத்திருக்கிறது. பெயர் மாற்றிய ஐடிகள் பலவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. பூட் வரியில் ‘யூஎஸ்பிகோர்.குவர்க்ஸ்=’ எழுதி, அடாப்டரின் ஐடி, முக்காற்புள்ளி, சிறிய கே எழுத்து என்று சேர்த்தால் அந்த ஒரு கருவிக்கு மட்டும் எல்பிஎம் நிற்கும். மறுதொடக்கம் இல்லாமலே சோதிக்க, யூஎஸ்பிகோர் மாட்யூலின் ‘குவர்க்ஸ்’ அளபுருக் கோப்பில் அதே சரத்தை எழுதிவிட்டு அடாப்டரைக் கழற்றிச் செருகலாம். எல்லா யூஎஸ்பி கருவிகளுக்கும் சேர்த்து மின்சேமிப்பை அணைக்கும் அறிவுரை இணையமெங்கும் கிடைக்கிறது. லேப்டாப் பேட்டரிக்கு அது வீண் தண்டனை.

ஃபர்ம்வேரையும் (சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) மறக்க வேண்டாம். ஆர்டிஎல்8153பி ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை, -2 என்று ஒரு வரி வந்தால் கோப்பு இல்லை என்று பொருள். அடாப்டர் ஓடும், ரியல்டெக் பின்னால் தந்த திருத்தங்கள் மட்டும் சிப்புக்குள் போகாது. டெபியன் 12 முதல் இது ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ பிரிவில் உள்ள ரியல்டெக் ஃபர்ம்வேர் பொதியில் கிடைக்கும்.

சில சமயம் குற்றவாளி அடாப்டரோ டிரைவரோ அல்ல. டெல் டிபி16 டாக்கில் 8153 வழியாக வந்த தரவு கெட்டுப்போனது. டாக்கின் யூஎஸ்பி கன்ட்ரோலருக்குப் போதிய பஃபர் (தற்காலிக நினைவிடம்) இல்லை என்பது ரியல்டெக்கின் கணிப்பு. 2018இல் அந்த டாக்குக்கு மட்டும், பல பாக்கெட்டுகளைக் கட்டாக வாங்கும் முறையை ஆர்8152 டிரைவரில் நிறுத்தினார்கள், சிக்கல் தீர்ந்தது. பிழை எங்கே என்று தேடி, அந்த ஒரு வன்பொருளுக்கு மட்டும் திருத்தம் எழுதும் இந்தப் பொறுமைதான் ரியல்டெக் சிப்பை நாங்கள் முன்னிறுத்தக் காரணம்.

ஏசிக்ஸ் 88179இல் வேகக் குறை இல்லை. நல்ல போர்ட்டில் 900 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுகிறது. அதன் கெர்னல் டிரைவர்தான் கொஞ்சம் தடுமாறி வந்திருக்கிறது. 2022இல் பாக்கெட்டைப் பிரிக்கும் இடத்தில் நினைவக எல்லை மீறும் பாதுகாப்புக் குறை வெளிவந்து திருத்தப்பட்டது. 2024 தொடக்கத்துக் கெர்னல்கள் சிலவற்றில் அடாப்டர் தன் சொந்த மேக் முகவரியை (ஒவ்வொரு அடாப்டருக்கும் உரிய அடையாள எண்) விட்டுவிட்டு ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டது. ரவுட்டரில் மேக் வைத்து ஐபி ஒதுக்கியவர்களுக்கும், மேக்கை ஒட்டியே இன்டர்ஃபேஸ் பெயர் வரும் சிஸ்டம்டி அமைப்புகளுக்கும் இது பெரிய இடைஞ்சல். ஏப்ரலில் திருத்தம் வந்தது. இந்தச் சிப் கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை; கெர்னலைப் புதுப்பித்து வைத்திருங்கள்.

வாங்குமுன் விற்பவரிடம் சிப் எண்ணைக் கேளுங்கள். பொருள் வந்ததும், திருப்பித் தரும் காலக்கெடு முடியுமுன், இன்னொரு கணினியோடு ‘ஐபெர்ஃப்3’ என்னும் வேகச் சோதனைக் கருவியை வைத்து இரு திசையிலும் அரைமணி நேரம் ஓட்டுங்கள். எதிர்த்திசைக்கு ‘-ஆர்’ (பெரிய எழுத்து). கிகாபிட்டில் 940, 2.5இல் 2350 எம்பிபிஎஸ் அளவில் வர வேண்டும். வேகம் எட்டினாலும், வேறு போர்ட்டில் ஹப் இல்லாமல் செருகிப் பார்த்த பிறகும் ஓட்டத்தின் நடுவே டிமெஸ்ஜியில் ஒரே ஒரு டிஸ்கனெக்ட் விழுந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.