தேர்தல் காலத்துத் தமிழ் அச்சு வேலை: பட்டர்வொர்த் அச்சகம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

சட்டமன்றத் தொகுதியில் போட்டியிடும் வேட்பாளருக்குத் தமிழில் துண்டறிக்கையும் பதாகையும் அச்சிட்டுத் தர மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நம்பத்தக்க இடம் எது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2018-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் செபராங் பிறையில் ஒரே வேட்பாளரின் தமிழ்ப் பிரசுரங்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. இரண்டு முறையும் பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இயங்கும் அச்சகத்திடமே வேலையைக் கொடுத்தோம். குறைகளையும் சொல்லப் போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். அவ்வட்டாரத்தில் தேர்தல் வேலை செய்தவர்களுக்கு எந்த இடம் என்று தெரிந்துவிடும்.

இந்த அச்சகத்தை நாடுவதற்கு முதன்மையான காரணம் அங்குள்ள தமிழ்ப் பக்க அமைப்பு. மலாய்ப் பதாகையையும் சீனப் பதாகையையும் எந்த அச்சகமும் பிழையின்றி அடித்துத் தந்துவிடும். தமிழ் என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் கோக்கும் வசதியை இயக்கி வைக்காவிட்டால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். ஒரு கணினியில் சரியாகத் தெரிந்த வரி, அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் கட்டங்களாக மாறிவிடும். தமிழ் படிக்கத் தெரியாத பணியாளருக்கு அது பிழை என்றே தெரியாது என்பதால் அப்படியே அச்சேறிவிடுகிறது. நம் ஊர்ச் சாலைகளில் உடைந்த தமிழோடு தொங்கும் பதாகைகளைத் தேர்தல்தோறும் பார்க்கிறோம். தமிழ்ப்பள்ளியில் படித்து, இன்றும் தமிழில் மட்டுமே சரளமாக வாசிக்கும் முதியவர்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளிலும் பழைய தோட்டக் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாக்குக் கேட்டு நீட்டும் தாளில் அவர்களுடைய மொழியைச் சிதைத்து வைப்பதை என்னால் சிறிய தவறாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இங்கே அந்தக் கவலை இல்லை. முன்பு தமிழ் நாளிதழ் ஒன்றில் பக்கம் அமைத்த அம்மையார் ஒருவர் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே கோப்பை இயந்திரத்துக்கு அனுப்புகிறார். ஒற்று விடுபட்டிருந்தால் குறிப்பார், வாக்கியம் மலாய் மூலத்தை அப்படியே பின்தொடர்ந்து பொருள் மயங்கினால், “ஐயா, இதைப் படிக்கிறவருக்கு என்ன புரியும்?” என்று கேட்டுத் திருத்தச் சொல்வார். கொள்கை அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் அவர் கைபட்ட பிறகுதான் மக்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு வந்தது. இதற்குத் தனிக் கட்டணம் எதையும் அவர்கள் சேர்க்கவில்லை.

சின்னத்தைக் கையாண்ட விதத்தையும் பாராட்ட வேண்டும். 2018-இல் ஜனநாயகச் செயல் கட்சி தன் ராக்கெட் சின்னத்தை விட்டுவிட்டு, கூட்டணிக் கட்சியான மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் போட்டியிட்டது. ராக்கெட்டுக்கே வாக்களித்துப் பழகிய மூத்தவர்களுக்குப் புதிய சின்னத்தைக் காட்டிக் கொடுப்பதே அந்தத் தேர்தலில் தமிழ்த் துண்டறிக்கையின் முதல் வேலையாக இருந்தது. 2023-இலோ பக்காத்தான் ஹராப்பான், பாரிசான் நேசனல் ஆகிய இரு கூட்டணிகளும் ஒரே அணியில் நின்றன. அதுவரை எதிரெதிரே நின்ற இரு அணிகளின் சின்னங்களில் தங்கள் தொகுதியில் எது இருக்கும் என்ற குழப்பம் வீட்டுக்கு வீடு இருந்தது. இரண்டு முறையும் அச்சகத்தார் சின்னத்தைத் தாளின் மேல்பாதியில் பெரிதாக வைக்கச் சொன்னதோடு, வண்ணம் மங்காமல் இருக்கிறதா என்று மாதிரித் தாள் அடித்துக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே முழு அச்சைத் தொடங்கினார்கள்.

சட்டம் தெரிந்த அச்சகம் என்பதும் முக்கியம். தேர்தல் குற்றச் சட்டம் 1954-இன்படி தேர்தல் பிரசுரத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். நாங்கள் கேட்காமலே அந்த வரிக்குத் தாளின் அடியில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். 2018-இல் தலைவர்களின் படங்கள் குறித்த தேர்தல் ஆணையத்தின் விதியால் ஜொகூரில் ஒரு விளம்பரப் பலகையிலிருந்து, அப்போது எதிரணியின் பிரதமர் வேட்பாளராக இருந்த மகாதீரின் முகம் வெட்டி எடுக்கப்பட்டதை நாடே பார்த்தது. அப்படி ஒரு நிலை வராதபடி, எங்கள் பதாகையில் யார் யார் படம் இடம்பெறுகிறது என்று முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்கள். சட்டமன்ற வேட்பாளரின் செலவுக்கு 130,000 ரிங்கிட் என்ற உச்சவரம்பு இருப்பதாலும், முடிவு அரசிதழில் வெளியான 31 நாட்களுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டியிருப்பதாலும், தேர்தல் முகவருக்குத் தெளிவான பில்கள் தேவை. இவர்கள் துண்டறிக்கை, பதாகை, கொடி என்று வகைவாரியாகப் பிரித்து, தேதியிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் உடனுக்குடன் பில் கொடுத்தது எங்கள் முகவரின் சுமையைப் பெருமளவு குறைத்தது.

இனி குறைகள். பதாகை கட்டும் வேலையை இவர்கள் நேரடியாகச் செய்வதில்லை; வெளியாட்களிடம் ஒப்படைக்கிறார்கள். அவர்கள் தரம் அச்சின் தரத்துக்கு அருகில்கூட வரவில்லை. சில பதாகைகள் சாலைச் சந்திப்பில் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும்படி கட்டப்பட்டிருந்தன. சில, ஒரு மழைக்கே சட்டகத்திலிருந்து கழன்று தொங்கின. மறுபடி கட்டச் சொன்னால் பொறுப்பை ஒருவர்மேல் ஒருவர் தள்ளினார்கள். வாக்களிப்பு முடிந்த பிறகு அவற்றை அகற்றுவதிலும் இதே இழுபறிதான். சட்டமன்ற வேட்பாளர் 5,000 ரிங்கிட் வைப்புத்தொகையோடு பிரச்சாரப் பொருள்களுக்காகத் தனியே 3,000 ரிங்கிட் கட்டுகிறார். பதாகைகள் அகற்றப்படாவிட்டால் அந்தத் தொகை போய்விடும். முடிவில் எங்கள் தொண்டர்களே ஏணியோடு இறங்கி அவிழ்க்க வேண்டியதாயிற்று. கட்டும் வேலையை இவர்களிடம் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன்.

இன்னொன்று, நேரம். 2018-இல் வேட்புமனு நாளான ஏப்ரல் 28-க்கும் வாக்களிப்பு நாளான மே 9-க்கும் இடையே கிடைத்தது 11 நாள் மட்டுமே. 2023-இல் ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 12 வரை இரண்டு வாரம் கிடைத்தது. பினாங்கின் 40 தொகுதிகளிலும் ஒரே சமயத்தில் அச்சு வேலை குவிகிறது. முதல் வாரத்தில் இவர்கள் சொன்ன நேரத்துக்குத் தந்தார்கள். இரண்டாம் வாரத்திலோ செராமா எனப்படும் பரப்புரைக் கூட்டத்தின் அழைப்பிதழ், கூட்டம் முடிந்த பிறகு கைக்கு வந்தது. நெடுநாள் வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை போகிறது என்ற எண்ணம் எனக்கு ஏற்பட்டது. கடைசி நேர வேலைகளுக்கு ஜார்ஜ்டவுன் பக்கம் இன்னொரு அச்சகத்தைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் அங்கே தமிழ் மெய்ப்பை நீங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

விலை மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதல். பிழையான தாளைக் குப்பையில் போட்டு மறுபடி அடிக்கும் செலவை எண்ணிப் பார்த்தால், அந்த வேறுபாட்டைத் தயங்காமல் கொடுக்கலாம். துண்டறிக்கைக்கும் கொள்கை அறிக்கைக்கும் இவர்களைத் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். போகிறவர்கள் தமிழ் உரையை வேட்புமனு நாளுக்கு முன்பே ஒருங்குறி எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுத்துவிடுங்கள். அம்மையார் பிற்பகலில்தான் கடையில் இருப்பார்.